ஐந்து டாலர் டிக்கெட்: வாஷிங்டன் நகரத்து இசைக் கணக்கு



பருப்பு விலை, லாரி வாடகை, வரி விவகாரம் என்று எழுதி வரும் நாம் இம்முறை பாட்டுக் கச்சேரியைப் பற்றி எழுதுகிறோமே என்று வாசகர்கள் வியக்கக் கூடும். ராகமும் தாளமும் நம் துறையல்ல என்பது உண்மைதான். ஆனால் பாட்டும் ஒரு சரக்குதான். அதை விளைவிப்பவர் ஒருவர், ஏற்றி அனுப்புபவர் ஒருவர், கடையில் வைத்து விற்பவர் ஒருவர், காசு கொடுத்து வாங்குபவர் ஒருவர். இடையிலே தரகும் உண்டு, கழிவும் உண்டு, கடன் பாக்கியும் உண்டு. இந்தக் கணக்கை எழுதுவதற்கு நமக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறோம்.

நம் வணிகக் குடும்பங்களில் படித்த பிள்ளைகள் பலர் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர் வெள்ளை மாளிகையையும் நாடாளுமன்றத்தையும் வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த நகரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பெரிய கம்பெனிகளின் தயவை நாடாமல், தாங்களே பாடி, தாங்களே தட்டு அடித்து, தாங்களே விற்று, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் இசை வியாபாரம் அங்கே நடந்து வந்திருக்கிறது. அதன் உயிர்நாடி சங்கீதம் என்று ரசிகர்கள் சொல்வார்கள். நம் கண்ணுக்குப் படுவது விலை நேர்மை.

சுயேச்சை என்றால் என்ன?

தேர்தலில் கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்பவரைச் சுயேச்சை என்கிறோம். அதுபோலவே பெரிய இசைத்தட்டுக் கம்பெனியின் முத்திரை இல்லாமல் தனித்து நிற்கும் கலைஞர்களின் இசையைச் சுயேச்சை இசை என்று அழைக்கிறார்கள்.

பெரிய கம்பெனியின் முறை நம் மண்டிக்காரர்களுக்குப் புதிதல்ல. விதைப்புக் காலத்தில் முன்பணம் வாங்கிய விவசாயி, அறுவடையை முன்பணம் கொடுத்தவரிடமே போட வேண்டியிருக்கிறது அல்லவா? அங்கேயும் அப்படித்தான். இசைக்குழுவுக்குக் கம்பெனி முன்பணம் கொடுக்கும். ஒலிப்பதிவுச் செலவு முதலானவற்றைப் பாடகரின் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளும். பாட்டின் மீதான உரிமை பெரும்பாலும் கம்பெனியின் கைக்குப் போய்விடும். ஆயிரக்கணக்கில் விற்ற பிறகும் பற்று தீராத பாடகர்கள் அந்தத் தொழிலில் ஏராளம்.

இந்தப் பேரேட்டில் தங்கள் பெயர் ஏறக் கூடாது என்று நினைத்த இளைஞர்கள் சிலர் வாஷிங்டனில் இருந்தார்கள்.

அறுநூறு டாலர் முதல்

1979இல் அந்நகரத்துப் பள்ளி மாணவர்கள் நால்வர் 'டீன் ஐடில்ஸ்' என்றொரு குழுவைத் தொடங்கினார்கள். பங்க் என்று சொல்லப்படும் வேகமான, இரைச்சலான இசை. நம் காதுக்கு அது சண்டை போலக் கேட்கலாம். அதை விட்டுவிட்டு வரவு செலவைப் பார்ப்போம். கச்சேரிகளில் கிடைத்த சிறு தொகைகளை அவர்கள் பங்கு பிரித்துக்கொள்ளவில்லை. பொதுப்பணமாக ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள். 1980 இறுதியில் குழு கலைந்தபோது கையில் ஏறக்குறைய 600 டாலர் இருந்தது. அதைப் பிரித்துக்கொண்டு போயிருந்தால் ஆளுக்கு 150 டாலர் கிடைத்திருக்கும், கதையும் அதோடு முடிந்திருக்கும்.

அவர்கள் அந்தப் பணத்தை முதலாகப் போட்டு, தாங்கள் பதிவு செய்து வைத்திருந்த எட்டுப் பாடல்களை ஒரு சிறிய இசைத்தட்டாக 1,000 பிரதிகள் அடித்தார்கள். தட்டின் பெயர் 'மைனர் டிஸ்டர்பன்ஸ்'. அட்டைகளை நண்பர்களும் சேர்ந்து கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். மளிகைக் கடையில் இரவு உட்கார்ந்து பொட்டலம் மடித்தவர்களுக்கு இந்தக் காட்சி எளிதாகப் புரியும். இதற்காக இயன் மெக்கே, ஜெஃப் நெல்சன் முதலானோர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'டிஸ்கார்ட்'. அந்த முதல் தட்டு விற்று வந்த பணம் அடுத்த தட்டுக்கு முதலாயிற்று, அது விற்ற பணம் அதற்கடுத்த தட்டுக்கு. வெளிக்கடன் வாங்கிப் பெருக்காமல் சுழற்சியிலேயே வளர்ந்த இந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது. தங்கள் வட்டாரத்துக் குழுக்களின் இசையை மட்டுமே வெளியிடுவது என்ற எல்லையை வைத்துக்கொண்டார்கள். குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக நின்றதில் பங்கு. வாய்ச் சொல்லே பத்திரம்.

வழி காட்டிய கடைக்காரர்

இந்த இளைஞர்களுக்குத் தட்டு அடிக்கும் தொழில் எங்கிருந்து தெரிந்தது? இங்கேதான் நம் இனத்தைச் சேர்ந்த ஒருவர் வருகிறார். வாஷிங்டனுக்கு அருகே மேரிலாந்தில் உள்ள ராக்வில் என்ற ஊரில் ஸ்கிப் கிராஃப் என்பவர் 1977இல் 'எஸ்டர்டே அண்ட் டுடே' என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். பெரிய கடைகள் வைக்காத தட்டுகளை அவர் தேடி வாங்கி வைத்தார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே குவிந்தார்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பெட்டிகளைப் புரட்டிப் பார்க்க விட்டார். மெக்கே உள்ளிட்ட இளைஞர்கள் சிலர் அவருடைய கடையிலேயே வேலைக்கும் நின்றார்கள்.

அவர் தாமும் சிறு அளவில் தட்டு வெளியிட்டு அனுபவப்பட்டவர். ஆர்லிங்டனில் டான் சியென்டாரா என்பவர் தம் வீட்டில் நடத்திவந்த 'இன்னர் இயர்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இந்தப் பிள்ளைகளை அழைத்துப்போய் அறிமுகம் செய்தவரும் அவரே. தொழில் ரகசியத்தை மறைத்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுத்தார். அவர் கடை 2002 வரை நடந்தது. 2019இல் அவர் காலமானார். பாடகர்களின் பெயரைச் சொல்லும் ரசிகர்கள் இந்தக் கடைக்காரரின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஒரு வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அட்டையில் அச்சிட்ட விலை

நம் பொட்டலச் சரக்குகளில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் இசைத்தட்டுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. கடைக்காரர் வைத்ததே விலை. டிஸ்கார்ட் நிறுவனத்தார் தாமாகவே முன்வந்து, தங்களிடம் நேரடியாகத் தபாலில் வாங்கினால் அஞ்சல் செலவு உட்பட இத்தனை டாலர் என்று தட்டின் அட்டையிலேயே அச்சிட்டார்கள். வாங்குபவர் கடையில் கேட்கும் விலையையும் அட்டையில் உள்ள விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். விலையை மறைக்க இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

சில்லறைக் கடைக்காரரின் லாபத்தில் கை வைப்பது ஆகாதா என்று நம்மவர்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. உற்பத்தியாளர் நேரடியாக விற்கத் தொடங்கினால் இடையில் நிற்கும் மொத்த வியாபாரிக்கும் சில்லறை வியாபாரிக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் அட்டையில் இருந்த விலை கடைக்காரரை ஒழிக்கப் போட்டதன்று. மிதமான லாபத்துக்கு விற்ற கடைக்காரரை அது பாதிக்கவில்லை. கிராக்கியைப் பார்த்து இரண்டு மடங்கு ஏற்றுபவரை மட்டுமே அது வெளிச்சம் போட்டுக் காட்டியது. சிறு கடைகள் இந்தத் தட்டுகளை விரும்பி வைத்ததே அதற்குச் சான்று.

ஐந்து டாலர் கணக்கு

இப்போது தலைப்புக்கு வருவோம். 1987 செப்டம்பரில் 'ஃபுகாஸி' என்ற குழு வாஷிங்டனில் முதல் கச்சேரியைச் செய்தது. இதிலும் மெக்கே இருந்தார். இவர்கள் வைத்த நுழைவுக் கட்டணம் 5 டாலர். அப்போது அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட். அதாவது ஒன்றரை மணி நேரம் வேலை செய்த பையன் ஒரு கச்சேரி கேட்கலாம். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்துப் பார்த்தால் இன்றைய மதிப்பில் அது சுமார் 14 டாலர். குழுவின் புகழ் உலகம் முழுவதும் பரவிய பிறகும், ஆயிரக்கணக்கானோர் திரண்ட பிறகும் பெரும்பாலும் அந்த விலையைச் சுற்றியே நின்றார்கள். பின்னாளில் சில இடங்களில் சிறிது கூடியதே தவிர, கூட்டத்தைப் பார்த்து ஏற்றவில்லை.

இது எப்படிக் கட்டியது? தர்மத்துக்குச் செய்தார்கள் என்று நினைத்தால் தவறு. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 பேர் கொள்ளும் மண்டபத்தில் 15 டாலர் டிக்கெட் வைத்து 200 பேர் வந்தால் வரவு 3,000 டாலர். 5 டாலர் வைத்து மண்டபம் நிரம்பினால் 4,000 டாலர். குறைந்த லாபம், நிறைந்த விற்பனை என்று நம் பெரியவர்கள் கல்லாவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான்.

வரவைவிட முக்கியம் செலவு. ஃபுகாஸிக்குச் சம்பள மேலாளர் இல்லை. ஊர் ஊராகக் கச்சேரி பேசி முடிக்கும் வேலையை மெக்கேயே தொலைபேசியில் செய்தார். கம்பெனி விளம்பரம் இல்லை. வேனில் தங்கள் சாமான்களைத் தாங்களே ஏற்றிக்கொண்டு போனார்கள். ரசிகர்களிடம் பனியன் விற்றுப் பணம் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம்; இவர்கள் அதையும் செய்யவில்லை. வெளியாட்கள் இவர்கள் பெயரில் பனியன் அடித்து விற்றது வேறு கதை. அடக்க விலை குறைந்தால்தான் விற்பனை விலை குறையும் என்பது அரிசிக்கும் பொருந்தும், பாட்டுக்கும் பொருந்தும்.

இன்னொரு செய்தி நம்மை மிகவும் கவர்ந்தது. இவர்களுடைய கச்சேரியில் கூட்டத்தில் யாராவது பக்கத்தில் நிற்பவரை இடித்து அடித்துத் துன்புறுத்தினால், பாட்டை நிறுத்திவிடுவார்கள். மேடையிலிருந்தே அந்த ஆளை அழைத்து, அவர் கொடுத்த 5 டாலரை ஓர் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். இதற்கென்றே உறைகளைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு வாடிக்கையாளரை இழந்தாலும், அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டே இழக்க வேண்டும்; மற்ற வாடிக்கையாளரின் பாதுகாப்பே முதன்மை. கடை நடத்தும் நாம் இதை யோசித்துப் பார்க்கலாம்.

சொந்த ஊரான வாஷிங்டனில் செய்த கச்சேரிகளில் பெரும்பாலானவை இலவசம், அல்லது பொதுக் காரியத்துக்கு நிதி திரட்டுவதற்காக. 1985இல் இளைஞர்கள் தொடங்கிய 'பாசிட்டிவ் ஃபோர்ஸ்' என்ற அமைப்பு இந்தக் கச்சேரிகளை மாதா கோவில் மண்டபங்களிலும் சமூகக் கூடங்களிலும் ஏற்பாடு செய்து, வசூலை வீடற்றவர்களுக்கும் இலவச மருத்துவ நிலையங்களுக்கும் கொடுத்தது. கூட்டத்தில் நின்று கேட்டவர்களே அடுத்த வாரம் வாசலில் டிக்கெட் கிழித்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள், சிறு பத்திரிகை அச்சிட்டார்கள், பின்னர் தாங்களே குழு அமைத்து மேடை ஏறினார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே சுவர் இல்லாத சந்தை அது.

கையில் போட்ட பெருக்கல் குறி

அமெரிக்காவில் கச்சேரிகள் பெரும்பாலும் மதுக்கூடங்களில் நடப்பவை. அதனால் மது அருந்தும் வயது வராத பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். டீன் ஐடில்ஸ் குழுவினர் 1980இல் கலிஃபோர்னியா போனபோது, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கூடத்தில் வயது குறைந்தவர்களின் புறங்கையில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விடுவதைப் பார்த்தார்கள். குறி உள்ள கைக்கு மது விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் இதையே வாஷிங்டன் கூடக்காரர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். அதே ஆண்டில் எஃப் தெரு 930ஆம் எண் கட்டடத்தில் திறந்திருந்த '9:30 கிளப்' போன்ற இடங்களில் இம்முறை வழக்கத்துக்கு வந்தது.

இதில் வியாபார நுட்பம் இருக்கிறது. பதினைந்து வயதில் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவன் இருபத்தைந்து வயதில் அந்த வாசலைத் தேடி வருவதில்லை. மிட்டாய் வாங்க வந்த குழந்தையை மதித்துப் பேசிய கடைக்கே அந்தக் குழந்தை வளர்ந்து மாதச் சாமான் பட்டியலோடு வரும் என்பதை நம்மவர்கள் அறிவார்கள். சட்டப்படி சுமார் 200 பேர் மட்டுமே கொள்ளும் இடமாகத் தொடங்கிய அந்த 9:30 கிளப், 1996இல் வி தெருவில் 1,200 பேர் கொள்ளும் கூடமாக மாறியது. இன்றும் நடக்கிறது.

கைப்பேசிக் கடையும் கோ-கோ இசையும்

வாஷிங்டன் என்றால் இந்த ஓர் இசை மட்டுமல்ல. அந்நகரத்துக் கறுப்பின மக்களின் சொந்த இசை 'கோ-கோ'. 1970களில் சக் பிரவுன் என்பவர் வளர்த்தது. ஒரு பாட்டு முடிந்து மறு பாட்டுத் தொடங்கும் இடைவெளியில் ஆடுபவர்கள் கலைந்துபோய்விடுகிறார்கள் என்று கண்ட அவர், இடையில் தாளத்தை நிறுத்தாமல் முழக்கிக்கொண்டே அடுத்த பாட்டுக்குப் போனார். கூட்டத்தில் நிற்பவர்களின் பெயரையும் தெருப் பெயரையும் மேடையிலிருந்தே கூப்பிடுவதும், கூட்டம் பதில் குரல் கொடுப்பதும் இதன் தனிச்சிறப்பு. இந்த இசை கச்சேரியில்தான் உயிர் பெறும் என்பதால், கச்சேரிகளில் பதிவு செய்த கேசட்டுகளே ரசிகர்களிடம் அதிகம் புழங்கின. பங்க் குழுவான 'மைனர் த்ரெட்'டும் கோ-கோ குழுவான 'ட்ரபிள் ஃபங்க்'கும் 1983இல் ஒரே மேடையில் கச்சேரி செய்திருக்கின்றன.

ஏழாம் தெருவும் புளோரிடா அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஒரு கைப்பேசிக் கடை. உரிமையாளர் 1995 முதல் கடை வாசலில் ஒலிபெருக்கி வைத்துக் கோ-கோ இசையை ஒலிக்கச் செய்துவந்தார்; கோ-கோ கேசட்டும் குறுந்தகடும் அங்கே கிடைக்கும். சுற்றிலும் வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் வெளியேறி, புதிய அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2019 ஏப்ரலில், புதிதாகக் குடிவந்தவர்கள் தரப்பிலிருந்து சத்தம் பற்றிப் புகார் போக, வெளியே பாட்டு வைக்கக் கூடாது என்று கடைக்காரருக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒலித்த முனை ஊமையாயிற்று.

அடுத்து நடந்ததுதான் செய்தி. 'நகரத்தின் குரலை அடைக்காதே' என்ற பொருளில் மக்கள் திரண்டார்கள். ஏறக்குறைய 80,000 பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். தெருவிலேயே குழுக்கள் வந்து கச்சேரி செய்தன. சில நாட்களுக்குள்ளாகவே தாய்க் கம்பெனியின் தலைவர் இறங்கிவந்து, இசை தொடரலாம் என்று பகிரங்கமாக அறிவித்தார். 2020இல் கோ-கோவை நகரத்தின் அதிகாரபூர்வ இசையாக அறிவித்துச் சட்டமே இயற்றினார்கள்.

ஒரு சிறு கடைக்காரருக்காக 80,000 பேர் கையெழுத்திட்டார்கள் என்பதை நாம் மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். மலிவாகக் கைப்பேசி விற்றார் என்பதற்காக யாரும் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தெருவின் அடையாளம் அவர் கடை வாசலில் இருந்தது. அதற்காகப் போட்டார்கள்.

இழந்தவையும் உண்டு

எல்லாம் சுபம் என்று எழுதினால் வாசகர்களை ஏமாற்றியவர்கள் ஆவோம். இளம் குழுக்களுக்கு இடம் கொடுத்த 'டி.சி. ஸ்பேஸ்' என்ற உணவகம் 1991இல் மூடப்பட்டது. இன்னர் இயர் ஒலிப்பதிவுக் கூடம் இருந்த கட்டடத்தை உள்ளாட்சி நிர்வாகம் விலைக்கு வாங்கியதால், 2021இல் அவ்விடத்தைக் காலி செய்ய நேர்ந்தது. ஃபுகாஸியும் 2002 இறுதிக்குப் பிறகு மேடை ஏறாமல் நின்றுவிட்டது. ஆயினும் தங்கள் கச்சேரிகளைப் பெரும்பாலும் பதிவு செய்து வைத்திருந்த அக்குழுவினர், 2011 முதல் அந்தப் பதிவுகளை நூற்றுக்கணக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கச்சேரிக்கு அவர்கள் சொன்ன விலை என்ன தெரியுமா? அதே 5 டாலர்.

மறுபக்கம், டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனமும் கச்சேரி நடத்தும் பெரிய நிறுவனமும் அமெரிக்காவில் 2010இல் ஒன்றாக இணைந்துவிட்டன. இன்று பெரிய கச்சேரிக்கு டிக்கெட் விலைக்கு மேல் சேவைக் கட்டணம், வசதிக் கட்டணம் என்று அடுக்கி, கிராக்கிக்கு ஏற்றபடி நிமிடத்துக்கு நிமிடம் விலையை மாற்றுகிறார்கள். வாங்குபவருக்குக் கடைசிப் படியில்தான் உண்மை விலை தெரியும் என்ற நிலை பல காலம் இருந்தது. அதைத் தடுக்க, முழுக் கட்டணத்தையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்று 2025இல் அந்நாட்டு அரசு விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. சட்டம் வந்து சொன்னதை அந்த இளைஞர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே அட்டையில் அச்சிட்டுவிட்டார்கள்.

நமக்கு என்ன?

பருப்பும் எண்ணெயும் விற்கும் நாம் ஃபுகாஸியைப் போல 5 டாலரில் நிற்க முடியாது. நம் கொள்முதல் விலை நம் கையில் இல்லை. வாடகையும் மின் கட்டணமும் நம்மைக் கேட்டு ஏறுவதில்லை. அவர்கள் இளைஞர்கள், குடும்பப் பாரம் குறைவு. இந்த வேறுபாடுகளை நாம் மறக்கவில்லை.

ஆனாலும் எடுத்துக்கொள்ளத் தக்கவை உண்டு. முதல் வருமானத்தைப் பிரித்துத் தின்னாமல் முதலாக்கியது ஒன்று. செலவைச் சுருக்கிய பிறகே விலையைக் குறைத்தது ஒன்று. கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றாதது ஒன்று. வெள்ளத்தின்போதும் ஊரடங்கின்போதும் பழைய விலைக்கே சரக்குக் கொடுத்த கடையை அந்தத் தெரு மறப்பதில்லை. ஏற்றி விற்ற கடையையும் மறப்பதில்லை. கடன் சொல்லி வரும் ஏழையையும், பத்து ரூபாய்க்கு வாங்க வரும் பிள்ளையையும் வாசலில் திருப்பி அனுப்பாதது இன்னொன்று.

பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குச் சரக்கு கொண்டுவரும் பெரிய கம்பெனிகளோடு வேகத்திலும் தள்ளுபடியிலும் நாம் போட்டியிட்டுக் கட்டுப்படியாகாது. அந்தக் கம்பெனி நாளை தெருவை விட்டுப் போனால் அதற்காக யாரும் மனு எழுதப் போவதில்லை. நம் கடைக்கு அப்படி ஒரு நாள் வந்தால் நமக்காகக் கையெழுத்திட எத்தனை பேர் வருவார்கள் என்பதே நாம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. அந்தத் தொகையை ஆண்டு முடிவில் பேரேட்டில் எழுத முடியாது. அன்றாடம் கல்லாவில் நாம் சொல்லும் விலையிலும் பேசும் பேச்சிலும்தான் அது சேரும்.